வங்கிக்குப் போகும் கோவையும் ஒரு சகோதரியின் பங்கும்

சென்ற வருடம் என் மச்சான், இரண்டு கடை அறைகள் கொண்ட கட்டடமொன்றை வாங்கி வாடகைக்கு விட விரும்பினார். வட்டியில்லா முறையில் நிதி வழங்கும் வங்கியொன்றுக்குச் சமர்ப்பிக்க வேண்டிய கோவையைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதத் தெரிந்தவர் வாத்தியார்தானே!

எம்மவர்களில் பலர், முகாமையாளரைத் தெரியும் என்ற தைரியத்தில் உறுதியின் போட்டோப் பிரதியோடு மட்டும் வங்கிக்குப் போகிறார்கள். ஆனால் குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வங்கி எமது பங்காளி. கட்டடத்தின் ஒரு பகுதி அதற்குச் சொந்தமாகிறது. அப்பங்கை நாம் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு, எஞ்சியதற்கு வாடகை செலுத்துகிறோம். பங்காளி எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பதில் தவறில்லை.

மச்சான் முதலில் எழுதித் தந்த கணக்கு அழகாக இருந்தது. அறைக்கு 25,000 ரூபா வீதம் வருடத்திற்கு 600,000 வருமானம், தவணை 480,000, மிச்சம் 120,000. கடைகள் வருடம் முழுவதும் பூட்டாமல் இருக்குமா? ஒவ்வோர் அறையும் ஒரு மாதம் வெறுமையாக இருந்தால் 50,000 போய்விடும். ஆதன வரி, கூரைத் திருத்தம் என்று இன்னும் 50,000. மிச்சம் 20,000 மட்டுமே. இந்தக் கணக்கைத்தான் கோவையில் வைத்தோம். குறைந்தால் தன் சம்பளத்திலிருந்து ஈடுசெய்வதாகச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்தார். முகாமையாளர் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்.

நில அளவைப் படம், பிரதேச சபையின் கட்டட அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், மதிப்பீட்டு அறிக்கை ஆகியன அலைந்தால் கிடைப்பவை. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை முன்கூட்டியே நாமே பெற்றுப் பார்ப்பது நல்லது. மறந்துபோன கடனட்டை நிலுவை அங்கேதான் தலைகாட்டும்.

சிக்கல் உறுதியில் வந்தது. கட்டடம் விற்பவரின் மர்ஹூம் வாப்பாவுடையது. சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைப் பார்த்தபோது, ஒரு சகோதரியின் பங்கு எங்கும் கைமாறியிருக்கவில்லை. "ராத்தா ஒன்றும் சொல்லமாட்டா" என்றார் விற்பவர். பங்கு கேட்டால் குடும்பம் உடையும் என்று மௌனமாக இருக்கும் ராத்தாமார் எமது ஊர்களில் எத்தனை பேர்!

அவரது கையொப்பமில்லாமல் கோவையைக் கொடுப்பதில்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். முற்பணம் கொடுத்திருந்ததால் அவருக்கு என்மேல் கோபம். மூன்று மாதங்கள் தாமதமாயிற்று. கடைசியில் ராத்தா தன் பங்கிற்குரிய பணத்தைப் பெற்றுக்கொண்டு, நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிட்டார். அதன் பிறகே கோவை வங்கிக்குப் போனது.