வரவு 2, செலவு 14

கல்லடியிலிருந்து வாசக அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய புதல்வி, புதுவருஷத்துக்கு வீடு வந்த இடத்தில், டாரட் என்னும் சீட்டுக்கட்டை விரித்து, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சீட்டுகளை எடுத்து வைத்து, அவற்றிலுள்ள சித்திரங்களைப் பார்த்தே வருஷத்துக்குரிய தன் குறிக்கோள்களை ஏட்டில் குறித்துக்கொண்டாளாம். இதில் சாரம் உண்டா என்பது அன்பரின் கேள்வி.

டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் 22 தனிச் சித்திரங்கள், எஞ்சிய 56 நான்கு இனங்களாகப் பகுக்கப்பட்டவை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்கு விளையாட்டுக்கென்று பிறந்த இக்கட்டை, எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமே உலகில் இல்லாதிருந்த 1781ஆம் ஆண்டில், கூர் தெ ஜெப்லாங் என்ற பிரெஞ்சுக்காரர், எகிப்தியரின் இரகசிய ஞானநூல் என்று துணிந்து எழுதி வைத்தார். இன்று பெரிதும் புழங்கும் சித்திரங்கள் 1909இல் இலண்டனில் வெளிவந்தவை. வெயிற் என்பவர் யோசனை கூற, பமேலா கோல்மன் சிமித் என்ற அம்மையார் வரைந்தவை. சீட்டின் கதை இவ்வளவே. என் சித்தமோ, அந்தப் பெண் சீட்டை விரித்த அதே வீட்டின் சுவரில் ஆணியில் தொங்கியிருக்கக்கூடிய பஞ்சாங்கத்தின்பால் ஓடுகிறது.

மருத்துநீரையும், புண்ணியகாலத்தையும், கைவிசேடத்துக்குரிய நேரங்களையும் பற்றி எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ பிறந்தவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவற்றுக்குப் பின்னால், இராசிகளுக்கு எதிரே இரண்டு இரண்டு எண்களாக அச்சிட்டிருக்கும் வரவு செலவு அட்டவணையைத்தான் சொல்ல வந்தேன். வீட்டிலுள்ளோர் அனைவரும் தத்தம் இராசியைத் தேடி, 14 வரவு கண்டவர் முகம் மலர்வதும், 14 செலவு கண்டவர் பெருமூச்செறிவதும் வருஷந்தோறும் நாம் காணும் காட்சி. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டவரை மட்டும் நான் கண்டதில்லை.

கிழமையைக் கொண்டு நிர்ணயிக்கப்படும் வருஷத்து அரசன் ஒருவன் உண்டு. ஒவ்வோர் இராசிக்கும் அதிபதியாகிய கிரகம் ஒன்று உண்டு. அஷ்டோத்தரி என்னும் 108 வருஷக் கணக்கிலே சூரியனுக்கு 6, சந்திரனுக்கு 15, செவ்வாய்க்கு 8, புதனுக்கு 17, சனிக்கு 10, வியாழனுக்கு 19, சுக்கிரனுக்கு 21 என்று தசை வருஷங்கள் வகுத்திருக்கிறார்கள். அரசனுக்குரியதையும் அதிபதிக்குரியதையும் கூட்டி, மூன்றால் பெருக்கி, ஐந்தைச் சேர்த்து, பதினைந்தால் வகுத்தால் மிஞ்சுவது வரவு. வகுத்து வந்த ஈவை மறுபடியும் மூன்றால் பெருக்கி, ஐந்தைச் சேர்த்து, பதினைந்தால் வகுக்க மிஞ்சுவது செலவு. அரசன் சூரியனானால், செவ்வாயின் வீடாகிய மேடத்துக்கு 6உம் 8உம் 14, மும்மடங்கு 42, ஐந்து சேர 47, பதினைந்தால் வகுக்க ஈவு 3, மிச்சம் 2. ஆகவே வரவு 2. ஈவாகிய மூன்றை அவ்வாறே நடத்தினால் 14. ஆகவே செலவு 14. விருச்சிகமும் செவ்வாயின் வீடே ஆதலால் அதற்கும் இதே விதி.

இந்தச் சிறு யந்திரத்தை நான் நெடுநேரம் சுழற்றிப் பார்த்து மகிழ்ந்ததுண்டு. இதிலிருந்து 2, 5, 8, 11, 14 என்ற ஐந்து எண்களைத் தவிர வேறெதுவும் ஒருநாளும் வெளிப்படாது. மூன்றையோ பத்தையோ எவருடைய வரவிலும் காணமுடியாது. கர்க்கடகத்துக்கும் மகரத்துக்கும் கும்பத்துக்கும் எந்த வருஷத்திலும் வரவு ஒன்றே. சிங்கத்துக்கும் இடபத்துக்கும் துலாத்துக்கும் அவ்வாறே. அரசர் எழுவரே ஆதலால், காலமெல்லாம் அச்சிட்டாலும் அட்டவணைகள் ஏழுக்கு மேல் இல்லை; டாரட்டிலோ பன்னிரண்டு சீட்டுகள் விழக்கூடிய வகைகளை எண்ணி முடியாது. இவற்றுள் மிக விநோதமானது, ஐந்து வரவுகளும் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் யாருக்கேனும் கிடைத்தே தீரும் என்பது. கரைவலைக்காரர் ஒரே கரையில் முறைவைத்து வலை வளைப்பதைப் போல, இராசிகள் 14ஐயும் 2ஐயும் மாற்றி மாற்றி ஏற்கின்றன. கடலில் மீன் உண்டா என்று அந்த முறை கேட்பதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது, அவ்வருஷப் பஞ்சாங்கத்தில் 14 வரவு பெற்றிருந்தவருடைய கூரையும் 2 வரவு பெற்றிருந்தவருடைய கூரையும் சேர்ந்தே பறந்தன.

அப்படியானால் கிழித்தெறியலாமா என்றால், நான் அதற்கு உடன்படேன். பெரும்போக நெல் விற்று, கூலியும் குத்தகையும் தீர்ந்து, சிறுபோகத்துக்கு விதைநெல் ஒதுக்கும் சமயத்திலே சித்திரை பிறக்கிறது; கடைக்காரர் புதுக்கணக்குத் திறக்கிறார். வீட்டிலும் அச்சமயம் வரவு, செலவு என்ற இரண்டு சொற்களை உரக்க வாசிக்க வைத்ததே இந்த அட்டவணையின் பெரும் பயன் என்பது என் அபிப்பிராயம். டாரட் சீட்டு அந்தப் பெண்ணிடம் மனத்தில் உள்ளதைக் கேட்கிறது. அட்டவணையோ மடியில் உள்ளதைக் கேட்கிறது. நாமோ கேள்வியை விட்டுவிட்டு, அச்சடித்த எண்ணையே பதிலாகக் கொண்டோம். வரவு 14 என்று கண்ட தைரியத்தில் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்போரும், செலவு 14 என்று கண்டபின் எப்படியும் போகப்போகும் பணந்தானே என்று நுண்கடன் பத்திரத்தில் கைநாட்டு இடுவோரும் நம் அயலிலேயே இருக்கிறார்கள். பரிகாரம் சொல்லிக் காசு பறிப்பவர் இவர்களைத் தேடி அலையவேண்டியதில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். என் இராசிக்கு எதிரே, அச்சிட்ட எண்களின் பக்கத்தில், சென்ற வருஷத்து மெய்யான வரவையும் செலவையும் ரூபாயில் பென்சிலால் எழுதுவேன். இம்முறை பஞ்சாங்கம் எனக்கு மிச்சம் காட்டிற்று; பென்சிலோ, நெல் விற்ற பணத்தில் பெரும்பகுதி பசளைக்கும் உழவு மெஷினுக்கும் போனதைக் காட்டிற்று. ஆதலால் இந்தச் சிறுபோகத்தில் வாவியோரத்துக் காணியை மாத்திரம் விதைப்பதென்றும், மேட்டுக் காணியைப் பயற்றுக்கு விடுவதென்றும் அதன் கீழேயே குறித்திருக்கிறேன்.