போர் வந்தது, மற்றது வரவில்லை

1772ஆம் ஆண்டுக்கான ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கில ஆண்டுத் தொகுப்பில், அப்போது நாகரிகமாகக் கருதப்பட்ட புதுச் சொற்களை ஒருவர் குறை சொல்லி எழுதினார். அவரிடம் இரண்டு வினைச்சொற்கள் சேர்ந்து அகப்பட்டன. ஒன்று ‘ஃப்ளாபர்காஸ்ட்’, வாயடைத்துப் போகும்படி திகைக்க வைப்பது. மற்றொன்று ‘போர்’, சலிப்பூட்டுவது. அன்று புதுக்கோட்டையை ஆண்டவர் ராய ரகுநாதத் தொண்டைமான்.

இன்று அதே புதுக்கோட்டையின் கீழராஜவீதியில் டியூஷன் விட்டு வரும் பிள்ளை “செம போர்” என்கிறது. அது ஆங்கிலம் என்ற நினைப்பே அதற்கு இல்லை. கூடவே அகப்பட்ட மற்றதோ ஆங்கில அகராதியை விட்டு இறங்கவே இல்லை.

‘ஃப்ளாபர்காஸ்ட்’டின் பிறப்பும் தெளிவாக இல்லை. வட்டார வழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். ‘அகாஸ்ட்’ என்ற பழஞ்சொல் அதன் வாலில் ஒட்டியிருக்கிறது என்பது பலரின் ஊகம். அந்தச் சொல்லுக்கும் பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டுக்கும் வேர் ஒன்றே. நம் ஊரில் பேயறைந்த மாதிரி நிற்பதில்லையா, அதுதான். முன்பு இவ்வளவையும் அறிய மன்னர் கல்லூரி நூலகம் போன்ற ஓர் இடத்தில் தடித்த அகராதிகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று பேருந்தில் நின்றபடியே கைபேசியில் பார்த்துவிடலாம். இது லாபம்தான், மறுப்பதற்கில்லை.

திகைப்பைச் சொல்ல நமக்கு வந்து சேர்ந்தது ‘ஷாக்’. ஆங்கிலத்தில் அது முதலில் படைகள் மோதிக்கொள்வதைக் குறித்தது. மின்சாரத்துக்கு 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. இப்போது ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டாலும் ஷாக், தங்கம் விலையைக் கேட்டாலும் ஷாக். ஆலங்குடியில் சொன்னாலும் சிங்கப்பூரில் சொன்னாலும் விளங்கிவிடும்.

முன்பு ஒவ்வொரு திகைப்புக்கும் உடம்பில் ஓர் இடம் இருந்தது. காலடியில் பாம்பு ஓடினால் நெஞ்சு பக்கென்றது. நடுராத்திரியில் தந்தி வந்தால் அடிவயிறு கலங்கியது. பிள்ளை கிணற்றடியில் காணாமல் போனால் ஈரக்குலையே நடுங்கியது. எதைக் கண்டு, எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். பிள்ளைகளிடம் ஈரக்குலை என்றால், பலருக்கும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைதான் நினைவுக்கு வரும்.