முதல் முழக்கத்திற்கு முன்

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர், நெடும்பயணம் புறப்படுமுன் அச்சுக்கு மை இடத் தவறியதில்லை. மை இடாத அச்சு வழியெல்லாம் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். ஆயினும் எப்படியோ ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அத்தகைய பொறுமை இக்காலத்து மோட்டார் எஞ்சினுக்கு இல்லை. அதிலும், பிரித்துப் புதுப்பித்த டர்போ எஞ்சினை முதன்முதலாக இயக்கும்போது எண்ணெய் சில விநாடிகள் தாமதித்தாலும், பல நாள் உழைப்பு பாழாகிவிடும். அதனைக் கண்ணாரக் கண்டவன் நான்.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே போகாமல், ஒரு சிறு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரியதன் வலிமையைப் பெறும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி என்பார் இம்முறைக்கு 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரினார். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் முதலிய அமெரிக்கக் கார்களில் 1962-இல் அது இடம்பெற்றது.

அத்தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லது. பெரும்பாலான டர்போக்களில் அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. படலம் இல்லையேல் உலோகத்தோடு உலோகம் உரசும்; பிறகு தண்டு பிழைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர், கடன் வாங்கித் தம் டீசல் எஞ்சினைப் புதுப்பித்தார். புதிய டர்போவும் பொருத்தினார். வேலை முடிந்த வேளையில், இராகு காலம் பிறக்கக் கால்மணி நேரமே இருந்தது. "அதற்குள் முழக்கிவிடுவோம்" என்றனர் பட்டறையினர். எஞ்சின் உடனே உயிர் பெற்றது. ஆனால், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை. அதனைக் கவனியாமல் ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். ஊதல் போன்றதோர் ஒலி எழுந்தது. அதன்பின் நீலப் புகை. டர்போவின் கதை முடிந்தது. எண்ணெய் ஏற்றாமல் இயக்கலாகாது என்பதை அறிந்த நானும் அங்கே நின்றிருந்தேன். மங்கல வேளையில் குறுக்கே பேசலாகாதென்று வாய் மூடியிருந்தேன்.

இரண்டாம் முறை அவசரத்திற்கு இடம் தரவில்லை. பழைய டர்போ கக்கிய எண்ணெயையும் உலோகத் துகளையும் காற்றுக் குழாய்களிலிருந்தும் இன்டர்கூலரிலிருந்தும் கழுவி நீக்கினோம். அங்கே தேங்கும் எண்ணெயை டீசல் எஞ்சின் எரிபொருளாகவே உண்ணும். சாவியைத் திருப்பினாலும் நில்லாமல் வெறிகொண்டு ஓடக்கூடும். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயையும் ஆராய்ந்தோம். எண்ணெய் தன் எடையாலேயே கீழிறங்குவதாதலின், சிறிது பசை அடைத்தாலும் வழி தடைப்பட்டு, சீல்களைக் கடந்து கசியும்.

புதிய பில்டரும், தயாரிப்பாளர் குறித்த தரத்து எண்ணெயும் இட்டோம். ரேடியேட்டரில் நீர் நிரப்பிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். பின்னர் எரிபொருள் செல்லாதவாறு தடுத்து, டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயின் முனையை ஒரு பாத்திரத்தில் வைத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் எஞ்சினைச் சுழற்றினோம். ஒரு தடவைக்குப் பத்து விநாடி. மோட்டார் சூடேறாதிருக்க இடையே ஓய்வு. சில தடவைகளுக்குப் பின் குழாயில் எண்ணெய் வழிந்தது. டர்போவின் துளையிலும் எண்ணெய் வார்த்து, சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிவிட்டு, குழாயைப் பூட்டினோம். மீண்டும் சுழற்றியபோது அழுத்தமானியின் முள் எழுந்தது. அதன் பின்னரே எரிபொருளுக்கு வழிவிட்டோம்.

எஞ்சின் முழங்கியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. அணையாதிருந்தால் உடனே நிறுத்தியிருப்போம். ஒருவரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. சிறிது நேரம் மெல்ல ஓடவிட்டு, எங்கேனும் கசிவுண்டா எனப் பார்த்தோம். நெடுநேரம் சும்மா ஓடவிடுவதும் தவறே; ஓரளவு பாரம் இழுத்தால்தான் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரில் நன்கு படியும். ஆதலின் அளவான வேகத்தில் சாலையில் ஓட்டினோம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை பெரும்பாரமும் முழுவேகமும் கூடாதென்றும், எண்ணெயை விரைவில் மாற்ற வேண்டுமென்றும் நண்பரிடம் கூறினேன். விரைந்து ஓடிவந்த எஞ்சினை உடனே அணைக்காமல், ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டால் டர்போவின் சூடு தணியும் என்பதையும் சொன்னேன்.

அவர் அனைத்தையும் கேட்டுவிட்டு, "ஐயா, இவ்வளவும் அன்றைக்கே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

நேயர்களே, பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பதறுகிறவரைக் கண்டும் அருகில் இருப்பவன் வாளாவிருந்தால், அச்சிதைவில் அவனுக்கும் பங்குண்டு. அன்று தொட்டு, சிவப்பு விளக்கு எரியும் எந்த வண்டியின் அருகிலும் நான் மௌனமாக நிற்பதில்லை.