இணைய முகவரி: முழுதா, சார்பா?

தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தில் நிற்கும் நண்பனிடம், “பாசிர் ரிஸ் போகும் ரயிலில் ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கு” என்று சொல்கிறீர்கள். அவன் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவான். அதையே ஊட்ரம் பார்க்கில் நிற்பவனிடம் சொன்னால், அவன் தஞ்சோங் பகாரில் இறங்குவான். “இடபிள்யூ14 நிலையத்துக்கு வா” என்றால் குழப்பமில்லை. எங்கிருந்து புறப்பட்டாலும் அது ராஃபிள்ஸ் பிளேஸ்தான்.

இணைய முகவரிகளும் இப்படி இரு வகை. நிலைய எண்ணைப் போன்றது முழு முகவரி. ‘அடுத்த நிலையம்’ போன்றது சார்பு முகவரி.

ஓர் இணைப்பைச் சொடுக்கியதும், உலாவி அதிலுள்ள முகவரியின் தொடக்கத்தைப் பார்க்கிறது. ‘எச்டிடிபிஎஸ்’ போன்ற நெறிமுறைப் பெயரும் அதையடுத்து முக்காற்புள்ளியும் இருந்தால் அது முழு முகவரி. இல்லையேல் சார்பு முகவரி. நீங்கள் இருக்கும் பக்கத்தின் முகவரியை அடிப்படையாக வைத்து, விடுபட்டதை உலாவியே நிரப்பும்.

சிங்கப்பூருக்கு 2011இல் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் இணைய விகுதி கிடைத்தது. அதை வைத்து ஒரு கற்பனை முகவரி:

எச்டிடிபிஎஸ்://பள்ளி.சிங்கப்பூர்/அறிவியல்/ஒளி

இந்தப் பக்கத்தில் உள்ள இணைப்புகள் எங்கே போகும்?

• நிழல் – கடைசிச் சாய்வுக்கோட்டுக்குப் பின் உள்ள ‘ஒளி’ நீங்கி ‘நிழல்’ வரும்: பள்ளி.சிங்கப்பூர்/அறிவியல்/நிழல்
• /கணிதம் – முதலில் சாய்வுக்கோடு இருப்பதால் தளத்தின் தொடக்கத்திலிருந்து: பள்ளி.சிங்கப்பூர்/கணிதம்
• ../தமிழ் – இரு புள்ளிகள் ஒரு படி மேலே ஏறச் சொல்கின்றன: பள்ளி.சிங்கப்பூர்/தமிழ்

சார்பு முகவரிக்கான விதிகளை ராய் பீல்டிங் 1995இல் ஆவணமாக்கினார். 2005இல் டிம் பெர்னர்ஸ்-லீ, லாரி மசின்டர் ஆகியோருடன் சேர்ந்து அவற்றைச் செம்மைப்படுத்தினார். இதன் பயன் பெரிது. பள்ளி தன் தளப் பெயரை மாற்றினாலும், உள்ளே இருக்கும் சார்பு இணைப்புகளில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

ஆனால், இணையப் பக்கம் உருவாக்கும் மாணவர்கள் பலர் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். வேறொரு தளத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது, நெறிமுறையை விட்டுவிட்டு ‘நூலகம்.சிங்கப்பூர்’ என்று மட்டும் எழுதுவார்கள். உலாவிக்கு அது இன்னொரு தளமாகத் தெரியாது. ‘நிழல்’ போல இன்னொரு பக்கத்தின் பெயர்தான். பள்ளி.சிங்கப்பூர்/அறிவியல்/நூலகம்.சிங்கப்பூர் என்ற இல்லாத பக்கத்தைத் தேடிப்போய், ‘404’ பிழையைக் காட்டும்.

“முகவரிப் பட்டையில் அப்படித் தட்டினால் திறக்கிறதே?” எனக் கேட்கலாம். அங்கே சார்ந்திருக்க அடிப்படைப் பக்கம் இல்லை. அதனால் நெறிமுறையை உலாவியே சேர்த்துக்கொள்கிறது. பக்கத்துக்குள் எழுதும் இணைப்பில் அந்தச் சலுகை இல்லை. உங்கள் தளத்துக்குள் என்றால் சார்பு முகவரி போதும். வெளியே அனுப்பினால் முழு முகவரியைக் கொடுங்கள்.