அறுந்த இழை யார் கணக்கில்?

வேலைக்கு ஒரு வரைபடம் – 7

எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று பட்டை பட்டையாகக் காட்டும் கான்ட் சார்ட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். 1984-ல் டாஸ் கணினிகளுக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் முதல் இன்று கைப்பேசியிலேயே ஓடும் செயலிகள் வரை எல்லாம் அதன் வாரிசுகள்தான். நாள் கணக்கில் இவை கெட்டி. யார் தலையில் எவ்வளவு சுமை என்ற கணக்கில்தான் சறுக்குகின்றன. அதைப் பார்க்க ஐ.டி. கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் பக்கம் போனால் வழியெல்லாம் நூற்பாலைகள்.

ஆர்டர் வந்ததும் என்ன நம்பர் நூல் (நூலின் பருமனைச் சொல்லும் எண்), எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று கணினியில் ஏற்றுகிறார்கள். எந்த நூற்பு மெஷினில், அதாவது பிரேமில், எந்த நம்பர் ஓடலாம் என்று அது சொல்லும். அடிக்கடி நம்பர் மாற்றினால் மெஷின் சும்மா நிற்கும் என்பதால், ஒரே நம்பரை ஒன்றாகச் சேர்த்துப் போடும். இதுவரை பழுதில்லை.

அடுத்து ஆள் போடுவது. பிரேமைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளிதான் சைடர்; நூல் முறுக்கேறிச் சுற்றும் தண்டுதான் கதிர். ‘ஒரு சைடருக்கு இத்தனை கதிர்’ என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் மூன்று ஷிப்டுக்கும் பெயர்கள் நிரம்பிவிடும். கோளாறு இங்கேதான்.

சைடரின் உண்மையான வேலை அறுந்த இழையைச் சேர்ப்பது. கதிரை நிறுத்தி, நூல் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு கொக்கியில் மாட்டி, மேலே உருளையிலிருந்து இறங்கும் இழையோடு ஒட்டவிட வேண்டும். பழகிய கைக்குச் சில நொடிதான். ஆனால் எத்தனை தடவை? ஒருவரிடம் 2,000 கதிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கதிர் ஒரு மணி நேரம் ஓடினால் 3 இழை அறும் என்றால், அவருக்கு மணிக்கு 60, நிமிடத்துக்கு ஒன்று. பஞ்சு மட்டமாக வந்து அந்த 3 என்பது 6 ஆனால், அரை நிமிடத்துக்கு ஒன்று. நடை வேறு. சித்திரை வெயிலில் ஈரப்பதம் குறைந்தாலும் இதே கதிதான். கணினித் திரையில் அதே பெயர், அதே 2,000.

சேர்க்கும்வரை அந்தக் கதிருக்கு வரும் பஞ்சு உறிஞ்சுகுழாய் வழியே கழிவாகப் போகிறது. ஷிப்ட் முடிவில் கிலோ குறையும். திட்டு யாருக்கு விழும் என்று சொல்ல வேண்டுமா? பஞ்சு வாங்கியவருக்கு விழாது.

இது யாரும் அறியாத கணக்கல்ல. 1956-ல் கோவையில் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, இழை அறுதலையும் 100 கிலோ நூலுக்கு ஆகும் ஆள்–மணியையும் வைத்து ஆலைகளுக்கு அளவுகோல்கள் வகுத்திருக்கிறது. அளவுகோல் அலமாரியில் இருக்கிறது, மென்பொருளில் ஏறவில்லை என்றால் அது சோம்பேறித்தனம்.

தொழிலாளியின் குறை மேலே போக வழியில்லாவிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் திண்டுக்கல் அறிந்ததே. 2021 ஜனவரியில் இங்குள்ள ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். அதையொட்டி 2022-ல் தொழிற்சங்கங்களும் ஆலை நிறுவனமும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் கையெழுத்திட்ட ஏற்பாட்டை உலகம் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அழைக்கிறது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதே அதன் நோக்கம். தொழிலாளரையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்து, குறையைக் கீழிருந்து மேலே சொல்ல அது வழி வைத்தது. வேலைச் சுமைக்கும் அப்படியொரு வழி வேண்டும்.

ஆலைகளில் அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள், கதிர் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் ‘இழை அறுதல்’ என்று இன்னொரு பத்தி சேருங்கள். முந்தைய ஷிப்டின் எண்ணை சைடரிடமே கேட்டு அதில் எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு ஆள் போடுவது அதைப் பார்த்த பிறகு இருக்கட்டும்.