தீவில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால்...?

பங்கோருக்கோ பெர்ஹெந்தியானுக்கோ போய்த் தங்கி வந்தவர்களுக்கு இது தெரியும். கடைசிப் படகு கிளம்பிவிட்டால் விடியும்வரை தீவு தனித்தீவுதான். சுற்றுலாப் பயணிக்கு அந்த அமைதி பிடிக்கும். ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை குட்டிகளுடன் குடியிருப்பவர்களின் நிலை என்ன? இரவு இரண்டு மணிக்கு வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது? எதில் ஏற்றுவது?

“ஒரு மருத்துவமனையைக் கட்டிவிட்டால் போதுமே” என்று பலரும் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டடம் விழித்திருக்காது. மனிதர்தான் விழித்திருக்க வேண்டும். 24 மணி நேர அவசரச் சிகிச்சை என்பது அடிப்படையில் ஒரே ஒரு கேள்வி. நோயாளி யாரும் வராத இரவிலும் ஒருவர் தயாராகக் காத்திருக்க வேண்டும் என்றால், அந்தக் காத்திருப்புக்குக் கூலி கொடுப்பது யார்?

இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வரும் நாடு ஸ்காட்லாந்து. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 93 தீவுகளில் மக்கள் வசித்தார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. பல தீவுகளில் சில நூறு பேர். சிலவற்றில் விரல் விட்டு எண்ணிவிடலாம். குளிர்காலத்தில் புயல் அடித்தால் படகு நாள்கணக்கில் ஓடாது. அங்கே நடந்ததைப் பார்த்தால் சிக்கலும் புரியும், தீர்வும் புரியும்.

டாக்டர் ஏன் தங்கவில்லை?

1911ஆம் ஆண்டு பிரிட்டனில் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்தது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சந்தா பிடித்து, அதிலிருந்து அவருக்கு மருத்துவம் பார்க்கும் ஏற்பாடு அது. தொழிற்சாலை நகரங்களுக்கு அது பொருந்தியது. தீவுகளுக்குப் பொருந்தவில்லை. துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, ஆடு வளர்த்து, மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு மாதச் சம்பளம் ஏது? சந்தா பிடிக்க வழியில்லை. கையில் காசில்லாத மக்களை நம்பி டாக்டர் குடும்பம் நடத்தவும் முடியவில்லை.

இதை ஆராய சர் ஜான் டியூவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவினர் ஷெட்லண்ட் தீவுவரை நேரில் சென்று மக்களிடம் சாட்சியம் கேட்டார்கள். 1912இல் அவர்கள் கொடுத்த அறிக்கை அரசாங்கத்தை உலுக்கியது. இறப்புக்குக் காரணம் இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடக்கூட டாக்டர் இல்லாமல் பலர் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

மறு ஆண்டே, 1913இல், மேட்டுநில, தீவுப் பகுதிகளுக்கான மருத்துவச் சேவைச் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்கு 42,000 பவுன் மானியம் ஒதுக்கப்பட்டது. அதன் சூட்சுமம் எளிமையானது. எத்தனை நோயாளியைப் பார்த்தார் என்பதைப் பொறுத்து டாக்டரின் பிழைப்பு இருக்கக்கூடாது. அவர் அங்கே இருப்பதற்கே ஒரு குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்யப்பட்டது. பயணச் செலவுக்கு உதவி கிடைத்தது. நோயாளிக்கு, தூரம் எவ்வளவானாலும், சிறு கட்டணம்தான். தாதிகளுக்கும் மானியத்தில் பங்கு இருந்தது.

பிரிட்டன் முழுவதற்குமான தேசியச் சுகாதாரச் சேவை 1948இல்தான் தொடங்கியது. அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மூலையில் அரசாங்கம் மருத்துவத்துக்குப் பொறுப்பேற்றுவிட்டது. ‘காத்திருப்புக்குக் கூலி’ என்ற கொள்கை அங்கேதான் நடைமுறைக்கு வந்தது. தீயணைப்பு நிலையத்தை நினைத்துப் பாருங்கள். இந்த மாதம் தீப்பிடிக்கவில்லை என்பதற்காக வீரர்களின் சம்பளத்தை யாராவது நிறுத்துகிறோமா?

ஆளே இல்லாமல் போன தீவு

மானியம் வந்தது, தாதி வந்தார். ஆனால் தீவை விட்டு வெளியேறும் வழி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று செயின்ட் கில்டா. அட்லாண்டிக் கடலில், அடுத்த பெரிய தீவுக் கூட்டத்திலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது அது. அவசரச் செய்தி அனுப்ப வேண்டுமானால், அந்தப் பக்கம் வரும் மீன்பிடிக் கப்பலைத்தான் நம்ப வேண்டும்.

1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் கடுமையாக நோயுற்றார். செய்தி போய், கப்பல் வந்து அவரை ஏற்றிச் செல்லப் பெரும் தாமதம் ஆனது. கிளாஸ்கோ மருத்துவமனையில் அவர் உயிரிழந்தார். இளைஞர்கள் பலர் ஏற்கெனவே பிழைப்புத் தேடி வெளியேறியிருந்த நேரம் அது. அங்கே பணியாற்றிய தாதி வில்லியமினா பார்க்லே, இனி இங்கே இருப்பது ஆபத்து என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார். மே மாதம் தீவு மக்களே அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29ஆம் தேதி, எஞ்சியிருந்த 36 பேரும் கப்பலேறினார்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழ்ந்த மண் ஒரே நாளில் வெறிச்சோடியது.

மருத்துவம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவசரத்துக்கு உதவி வராத ஊரில் இளம் குடும்பங்கள் தங்குவதில்லை. இளம் குடும்பங்கள் போய்விட்டால் பள்ளி மூடப்படும்; பிறகு கடை; பிறகு ஊர். ஒரு சமூகம் இருக்குமா கலையுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

ஆகாயத்தில் வந்த வழி

செயின்ட் கில்டா வெறிச்சோடி மூன்றே ஆண்டுகளில் நிலைமை திரும்பியது. 1933 மே 14ஆம் தேதி ஐலா தீவில் வயிற்று நோயால் துடித்த ஒரு மீனவரை, சிறிய பயணிகள் விமானம் ஒன்று கிளாஸ்கோ அருகிலுள்ள ரென்ஃப்ரூவுக்கு ஏற்றிச் சென்றது. படகிலும் சாலையிலும் போயிருந்தால் பாதி நாளாவது பிடித்திருக்கும். ஸ்காட்லாந்தின் விமான அம்புலன்ஸ் சேவை அன்றுதான் பிறந்தது. 1948க்குப் பிறகு அது தேசியச் சுகாதாரச் சேவையின் ஓர் அங்கமானது. நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை.

பாரா என்ற தீவில் கடற்கரை மணல்தான் விமானம் இறங்கும் ஓடுபாதை! அலை ஏறிவிட்டால் ஓடுபாதை தண்ணீருக்குள் போய்விடும். அதனால் விமான நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. இரவில் அவசர விமானம் இறங்க வேண்டி வந்தால், மணலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை விரித்து, வாகனங்களின் விளக்குகளை எரியவிட்டு வழிகாட்டுவது அங்கே வழக்கம்.

இந்தச் சேவைக்கு உயிர்களும் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 1957 செப்டம்பர் 28ஆம் தேதி, நோயாளியை ஏற்ற ஐலாவுக்கு வந்த விமானம் மோசமான வானிலையில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் குழுவில் இருவரும், உடன் வந்த தாதி ஜீன் கென்னடியும் மாண்டார்கள். 2005 மார்ச்சில் இன்னொரு அம்புலன்ஸ் விமானம் மக்ரிஹானிஷ் அருகே கடலில் விழுந்தது. விமானியும் அவசர மருத்துவ உதவியாளரும் இறந்தார்கள். ஆகவே, “விமானத்தைக் கூப்பிடு” என்பது எல்லாவற்றுக்கும் பதிலாகாது. யாரை அனுப்ப வேண்டும், யாரைத் தீவிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் தீவில் இருக்க வேண்டும்.

168 மணி நேரக் கணக்கு

இங்கேதான் எளிய கணக்கு ஒன்று வருகிறது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 42 மணி நேரம் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு நாற்காலியை இரவு பகல் காலியாக விடாமல் இருக்க நான்கு பேர் வேண்டும். விடுமுறை, நோய், பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர். 300 பேர் வாழும் தீவுக்கு ஐந்து டாக்டர்களா? நடக்கிற காரியம் இல்லை.

அதனால்தான் பல தீவுகளில் நீண்ட காலமாக ஒரே டாக்டர் எல்லா இரவுகளையும் சுமந்தார். நம் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. ரப்பர் தோட்டத்தில் பகலில் மருந்து கொடுத்த டிரெசரின் வீட்டுக் கதவைத்தானே நள்ளிரவிலும் தட்டினோம்? அவர் எப்போது தூங்கினார் என்று யார் கேட்டோம்? ஒரே ஆளை நம்பிய சேவை, அந்த ஆள் சோர்ந்துபோகும் நாளில் நின்றுவிடும்.

2004இல் பிரிட்டனில் வந்த புதிய ஒப்பந்தம், இரவு நேர, வார இறுதிப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைக் குடும்ப டாக்டர்களுக்கு வழங்கியது. பொறுப்பு சுகாதார வாரியங்களின் தலையில் விழுந்தது. நகரத்தில் மாற்று ஆளைத் தேடிவிடலாம். கடல் கடந்த தீவில் எங்கே தேடுவது? ஓய்வு பெறும் டாக்டருக்குப் பதில் ஆள் கிடைக்காத தவிப்பு இன்றும் தீரவில்லை.

ஐந்து கண்ணிகள்

ஒரு தீவில் ஐந்து டாக்டர்களை வைக்க முடியாது என்றால், வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி. இன்றைய ஏற்பாட்டை ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி என்று சொல்லலாம்.

முதல் கண்ணி, பக்கத்து வீட்டுக்காரர். இதயத் துடிப்பு நின்றவருக்கு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடத்தில் எந்த ஹெலிகாப்டரும் வந்து சேராது. ஆகவே பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்களும், ஊர்ப் பொது இடத்தில் பூட்டாமல் வைக்கப்பட்ட மின்னதிர்ச்சிக் கருவியும்தான் அங்கே உண்மையான அவசரப் பிரிவு.

இரண்டாவது, முறை போட்டு விழித்திருக்கும் தாதி அல்லது டாக்டர். மாரடைப்பு வந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் சேர்த்து அடைப்பை நீக்க முடியாது என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை இருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். அதற்கு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்தவரும் போதும். பக்கவாதத்துக்கு அப்படிக் கொடுத்துவிட முடியாது. மூளையில் அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து. அப்படிப்பட்டவரைக் காலம் தாழ்த்தாமல் வெளியே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, தொலைவிலிருந்து ஆலோசனை சொல்லும் நிபுணர். தீவின் தாதி தொலைபேசியிலோ காணொளியிலோ கேட்டால் வழிநடத்த, பெரிய மருத்துவமனையில் அனுபவசாலி ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

நான்காவது, போக்குவரத்து. விமானம், ஹெலிகாப்டர், உயிர்காப்புப் படகு, கரையோரக் காவல் படை என்று ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும். ஒன்று வராவிட்டால் இன்னொன்று. ஸ்காட்லாந்தில் 2004இல் சிறிய அளவில் தொடங்கி 2010இல் நாடு தழுவியதாக விரிந்த அவசர மீட்புச் சேவை இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், தீவிரச் சிகிச்சை டாக்டரே கருவிகளுடன் பறந்து சென்று, நோயாளியைத் தேற்றி, உடன் அழைத்து வருகிறார்.

ஐந்தாவது, “கொண்டு வாருங்கள், படுக்கை தயார்” என்று சொல்லும் மருத்துவமனை.

இந்த ஐந்தில் ஒன்று அறுந்தாலும் மற்ற நான்கும் வீண்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தனை செலவும் சில நூறு பேருக்காகவா என்று கேட்பவர்கள் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் தீவு என்றுமே நட்டக் கணக்குதான். ஆனால் அதே தீவிலிருந்துதான் மீன் வருகிறது. அங்கேதான் நகரத்தார் விடுமுறைக்குப் போகிறார்கள். வரியும் அவர்கள் கட்டுகிறார்கள். 1913இல் எடுத்த முடிவின் அர்த்தம் இதுதான்: தூரத்தில் இருப்பது குற்றமல்ல; அதற்கான தண்டனையை நோயாளி அனுபவிக்கக்கூடாது.

எந்தத் தீவிலும், ஏன், சாலை முடியும் இடத்தில் இருக்கும் எந்தக் கம்பத்திலும், புதிய கிளினிக் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது ஊர் மக்கள் சில கேள்விகளைக் கேட்கலாம். இன்றிரவு விழித்திருப்பவர் யார்? அவர் விடுப்பில் போனால் அந்த இடத்தில் யார்? படகு ஓடாத நாளில் வேறு வழி என்ன? யாருமே நோயுறாத மாதத்திலும் அவருக்குச் சம்பளம் உண்டா? நம்மில் எத்தனை பேருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரியும்?

முதல் நான்கு கேள்விகளுக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.