கால்வாயில் ஒரு குளிர்நாள்

இங்கிலாந்து நாட்டில் வயல்களின் ஊடேயும் பழைய ஆலைகளின் புறத்தேயும் நெளிந்து செல்லும் கால்வாய்கள் பல உள. அவற்றின் கரையோரம் நீண்டு ஒடுங்கிய படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அப்படகின் நீளம் 70 அடி வரை இருக்கும். அகலமோ 7 அடிக்கும் குறைவு. இவ்வடிவம் அழகு கருதி அமைந்ததன்று. கால்வாய் மேட்டில் ஏறவும் பள்ளத்தில் இறங்கவும் ‘லாக்’ எனப்படும் தொட்டிகள் இடையிடையே கட்டப்பட்டுள்ளன. இரு முனைகளிலும் கதவுகளையுடைய அத்தொட்டியுள் படகைச் செலுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ படகை உயர்த்துவர், அல்லது தாழ்த்துவர். இத்தொட்டிகள் பல 7 அடி அகலமே உடையன. படகும் அதற்கேற்ப ஒடுங்கிற்று.

1761ஆம் ஆண்டில், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளரின் துணைகொண்டு பிரிட்ஜ்வாட்டர் பிரபு வெட்டுவித்த கால்வாயின் பயனாக, மான்செஸ்டர் நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பிற்காலத்துக் கால்வாய்களில் ஒரே குதிரை கரைமேல் நடந்து ஏறத்தாழ 25 டன் சரக்கை இழுத்தது. சாலைகள் சேறாய்க் கிடந்த காலத்தில் அஃது எத்தகைய பேறு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் இருப்புப்பாதை வந்தது; போட்டியினால் படகோட்டியின் வருவாய் சுருங்கிற்று. கரையில் வீட்டு வாடகை கொடுக்க இயலாத பலர், மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டனர். சரக்குக்கு இடம் ஒதுக்கியது போக எஞ்சியது, பின்புறத்தில் ஏறத்தாழ 10 அடி நீளமுள்ள ஓர் அறையே. அதனுள் ஓர் அடுப்பு; கதவைக் கீழே சாய்த்தால் மேசையாகும் அலமாரி; பகலில் மடித்து வைக்கும் கட்டில். அவ்வளவே வீடு. அச்சிற்றறையின் கதவிலும் ரோஜாப் பூக்களையும் கோட்டைகளையும் வண்ணத்தில் தீட்டி மகிழ்ந்தனர் அம்மக்கள். எனினும், ஓரிடத்தில் தங்காத குழந்தைகளுக்குப் பள்ளிப் படிப்பு எட்டாக் கனியாயிற்று. படகு வீடுகளைப் பதிவு செய்யவும், அவற்றில் வாழ்வோர் தொகையை வரையறுக்கவும் 1877ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது.

இக்குடும்பங்களுக்கு, ஆரவாரமற்ற குளிர்நாள் அச்சந்தரும் நாளாகும். கால்வாய் நீர் ஓட்டமற்றது. ஆதலின் ஆற்றினும் விரைவில் உறையும். உறைந்தால் படகு நகராது. சரக்குச் சென்று சேர்ந்தாலன்றிக் கூலி இல்லை. பனிக்கட்டியை உடைப்பதற்கென்றே தனிப் படகுகள் இருந்தன. குதிரைகள் பல இழுக்க, ஆடவர் படகின் நடுவிலுள்ள கம்பியைப் பற்றிக்கொண்டு இருபுறமும் சாய்ந்து சாய்ந்து அதனை ஆட்டுவர். பனிக்கட்டி முறியும், இரவில் மீண்டும் உறையும். 1962 டிசம்பரில் தொடங்கிய கடுங்குளிர் 1963 மார்ச்சு வரை நீடித்தபொழுது, படகுகள் வாரக்கணக்கில் அசையாது நின்றன. முன்னரே நலிந்திருந்த சரக்குப் படகுத் தொழில் அதன்பின் தலைதூக்கவில்லை.

இன்று படகில் வாழ்வோருள் பெரும்பாலோர் சரக்கு ஏற்றுவதில்லை. சரக்குக் கிடந்த இடமும் வீடாகிவிட்டது. ஆயினும் நகரத்து வீட்டிற்குக் குழாயும் கம்பியும் கொணர்ந்து தருவனவற்றைப் படகில் கைகளே தேடித் தருதல் வேண்டும்.

டிசம்பர்த் திங்களில் கதிரவன் எழுவது காலை 8 மணியளவில். முதல் வேலை அடுப்பைக் கவனிப்பது. இரவில் காற்று வழியைக் குறுக்கிக் காத்த தணலிலிருந்து சாம்பலை உதிர்த்து, காற்றை விட்டு எரியச் செய்வர். வெளியே வெண்பனி படர்ந்திருக்க, உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம் சன்னலில் துளித்து வடியும். குளிர் புகுகின்றதே என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்க மனம் விழையும். அதனினும் பேதைமை பிறிதில்லை. அடைத்த அறையில் அடுப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும். இதனை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி, மக்கள் தங்கும் படகுகளில் 2019ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

அடுத்தது நீர். கரையிலுள்ள பொதுக் குழாய் உறைந்துவிட்டால், படகுத் தொட்டியில் இருப்பதே இருப்பு. ஆதலின் குளிர் மிகும் முன்னரே தொட்டியை நிரப்பிக்கொண்டு, பாத்திரம் கழுவுவதற்கும் கணக்குப் பார்ப்பர். கூரைமேலுள்ள சூரிய ஒளித் தகடுகள் குறும்பகலில் சிறிதே மின்சாரம் தரும். எஞ்சின் ஓட்டி மின்கலங்களை நிரப்ப வேண்டும். அதனையும் அண்டைப் படகினர் துயில் கெடாதவாறு காலை 8 மணிக்கு முன்னும் இரவு 8 மணிக்குப் பின்னும் ஓட்டலாகாது.

கரி மூட்டைகளும் எரிவாயு உருளைகளும் ஏற்றிவரும் விற்பனைப் படகு தொலைவில் தெரிந்தால், ஒவ்வொரு படகிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்க்கும். பனிக்கட்டி தடித்துவிட்டாலோ அப்படகும் வாராது. மெல்லிய பனிக்கட்டியை எஃகுப் படகு கிழித்துக்கொண்டு செல்லும் என்பது மெய்யே. ஆனால் உடைந்த தகடுகள் கரையிலுள்ள மெலிந்த படகுகளைத் தாக்கிக் கீறும். பிறர் நலம் எண்ணுவோர் உருகும் வரை காத்திருப்பர்.

மாலை 4 மணியளவில் இருள் கவியும். கரி அளந்து போட்டு, கரையோடு பிணித்த கயிறுகளை ஒருமுறை பார்த்து வந்து கதவைச் சாத்துவர். உறையும் நீர் படகின் பக்கத்தில் நெரியும் ஒலி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும்.